பாறைவீரன் காலடியில் நான் வரைந்த மனிதன்

பாறைவீரனை உண்டாக்கியது நாங்கள் இரண்டு பேர். ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் டிராயிங் செக்‌ஷனில் இருக்கிறேன். இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற அச்சுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் வேலை. அவன் டூல்ரூமில் ஃபிட்டர். நான் வரைந்த அச்சு இரும்பாக வந்து சேரும்போது அதைப் பொருத்தி, ராவி, சரிபார்ப்பவன் அவன்தான். என் தப்புகளை முதலில் கண்டுபிடிப்பதும் அவன்தான்.

அவன் வீடு அத்திப்பள்ளி தாண்டி ஒரு கிராமத்தில். கர்நாடகம். என் வீடு கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில். இரண்டு வீட்டுக்கும் நடுவே பெரிய தூரமில்லை. நடுவில் ஒரு மாநில எல்லை இருந்தது, அவ்வளவுதான். கம்பெனி பஸ் தினமும் காலையில் அவனை இந்தப் பக்கம் கொண்டுவந்து சாயந்திரம் அந்தப் பக்கம் விட்டுவிடும். அவன் வீட்டில் கன்னடம். எங்கள் வீட்டில் தெலுங்கு. நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம்; எழுதுவதும் கணக்குப் போடுவதும் திட்டுவதும் எனக்குத் தமிழில்தான் வரும். நாங்கள் இருவரும் மூன்றையும் கலந்து பேசுவோம். எங்கள் பக்கத்தில் சம வயதுக்காரனை 'குரு' என்று கூப்பிடுவது பழக்கம். அவன் எனக்கு குரு, நான் அவனுக்கு குரு. யாரும் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் காமிக்ஸ் பைத்தியம். ஓசூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். நெஞ்சில் தங்கள் நாட்டுக் கொடியை ஒட்டிக்கொண்டு பறக்கிற வெளிநாட்டு வீரர்கள் அதில் சுத்தமான தமிழில் சபதம் போடுவார்கள். எந்த நாட்டுக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அடி விழுந்தால் போதும். ஒரு புத்தகத்தில் மட்டும், எதிரி ராணுவத்தின் காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த ஒரு டாக்டரைப் பிடித்து வரச்சொல்லி வீரனுக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். அவன் முடியாது என்று சொல்லி, உடுப்பை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவான். கடைசி எட்டுப் பக்கத்தில் ஒரு குத்துகூட கிடையாது. பயந்தாங்கொள்ளி என்று திட்டி, மறுநாளே அதை வகுப்பில் ஒருவனிடம் கொடுத்து வேறு புத்தகம் மாற்றிக்கொண்டேன்.

வேலைக்கு வந்த பிறகும் நோட்டு ஓரங்களில் கிறுக்குவதை விடவில்லை. அதை எச்.ஆர். மேடம் பார்த்துவிட்டார். பாதுகாப்பு வாரத்துக்கு வழக்கமான போஸ்டர்களை யாரும் படிப்பதில்லை, நீங்கள் காமிக்ஸாகப் போட்டுத் தருவீர்களா என்று கேட்டார். அப்படித்தான் பாறைவீரன் பிறந்தான். கல் குவாரியில் வெடி வைத்தும் உடையாமல் நின்ற ஒரு கருங்கல்லிலிருந்து எழுந்து வந்தவன். அவன் வேலை, கையுறை போடாமல் பிரஸ்ஸில் கை விடுகிறவனைப் பிடித்து இழுப்பது, ஹெல்மெட் இல்லாமல் ஏணியில் ஏறுகிறவனைக் கீழே இறக்குவது. கேன்டீன் சுவரில் ஒட்டினோம். தமிழ் வசனத்துக்குக் கீழே கன்னட வசனம். கன்னடம் எழுதியது அவன். நிறம் தீட்டியதும் அவன்.

இன்னொன்றும் செய்தான். சாப்பாட்டு நேரத்தில் டூல்ரூம் ஓரத்தில் எனக்காக நின்று காட்டுவான். "கையைத் தூக்கு குரு... இன்னும் கொஞ்சம்... இப்பக் கீழ விழு" என்பேன். அவன் அட்டையை விரித்து அதன்மேல் விழுந்து கிடப்பான். பாறைவீரனும் அவன்தான், கீழே விழுகிறவனும் அவன்தான். இரண்டு வருஷத்தில் அவனை எத்தனை கோணத்தில் வரைந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

குடியரசு தினத்துக்கு மேடம் தேசபக்தி ஸ்பெஷல் கேட்டார். பாறைவீரனைப் பனிமலைக்கு அனுப்பி எதிரிகளை உருட்டவிட்டோம். எதிரிகளுக்கு எல்லாம் கறுப்பு முகமூடி போட்டேன். அவன் நிறம் தீட்டிக்கொண்டே கேட்டான்.

"யாக்கே குரு, ஏன் இவங்களுக்கு மூஞ்சியே இல்ல?"

"எதுக்கு? அடி வாங்கறவனுக்கு மூஞ்சி எதுக்கு?"

"அதுவும் சரிதான். மூஞ்சி இருந்தா பாவமா இருக்கும்."

இருவரும் சிரித்தோம். கேன்டீனில் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பலர் கைதட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கையுறை போடச் சொன்னபோது யாரும் கைதட்டவில்லை.

அந்த வருஷம் மழை சரியில்லை. ஆற்றுத் தண்ணீர்த் தகராறு மறுபடி கிளம்பியது. எல்லையில் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. முதலில் டிவியில் சூடாகும். பிறகு பஸ்ஸெல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கக் கடைசி ஊரான ஜூஜூவாடியிலேயே நின்றுவிடும். ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு எல்லையை நடந்து கடந்து, அந்தப் பக்கத்துப் பஸ்ஸைப் பிடிப்பார்கள். எனக்கு இதில் சொந்தக் கோபமும் உண்டு. எங்கள் நிலத்துக்குப் பாய்வது தென்பெண்ணை. மேலே இருக்கிற பெரிய நகரத்தின் கழிவெல்லாம் சேர்ந்து அணையிலிருந்து வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி வரும். காற்றடித்தால் அது பறந்து ரோட்டில் வந்து விழும். அப்பா அந்தத் தண்ணீரில்தான் கீரை போடுகிறார். தண்ணீர் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், சாக்கடை கேட்காமலே வரும் என்று அவர் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஒரு சனிக்கிழமை என் மனைவியின் தம்பி அடிபட்டான். தளியிலிருந்து ரோஜாவும் முட்டைகோஸும் ஏற்றிக்கொண்டு தினமும் பெங்களூர் மார்க்கெட்டுக்கு டெம்போ ஓட்டுகிறவன். தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்து யாரோ கல் எறிந்திருக்கிறார்கள். முன்கண்ணாடி நொறுங்கி, புருவத்துக்கு மேலே ஐந்து தையல். நெற்றிக் கட்டோடு அவன் டெம்போ பக்கத்தில் நிற்கிற போட்டோ என் போனுக்கு வந்தது. பார்த்துவிட்டு என் மனைவி சமையலறையில் நின்று அழுதாள்.

ஞாயிறு மதியம் உட்கார்ந்து வரைந்தேன். ஒரே படம். அணையின் மேல் பாறைவீரன். வலது கையால் மதகைப் பிடுங்கித் தூக்கியிருக்கிறான். தண்ணீர் சீறிக்கொண்டு இந்தப் பக்கம் பாய்கிறது. அவன் இடது கால் ஒருவன் நெஞ்சின்மேல் இருக்கிறது. கீழே கிடப்பவன் தோளில் கன்னடக் கொடியின் நிறத்தில், மஞ்சளும் சிவப்புமாக ஒரு துண்டு. அது இல்லாவிட்டால் அவன் எந்த மாநிலத்துக்காரன் என்று தெரியாதே. முகமூடி போட்டால் துண்டோடு பொருந்தவில்லை. அதனால் முகம் வரைந்தேன். கை தன்னால் ஓடியது. இவ்வளவு வேகமாக நான் எதையும் வரைந்ததில்லை.

எங்கள் தெருமுனையில் மொபைல் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார். ரத்ததானம், கோயில் திருவிழா, காணாமல் போன பர்ஸ் எல்லாம் அதில் வரும். படத்தை அதில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் போன் சூடாகிவிட்டது. "தமிழன்டா!" "கை கொடு தம்பி!" பத்து வருஷமாகப் பேசாத பள்ளித் தோழன் ஒருவன் கூப்பிட்டான். தெரியாத நம்பர்களிலிருந்து என் படமே எனக்குத் திரும்பி வந்தது. நான் வராந்தாவில் நடந்துகொண்டே ஒவ்வொன்றையும் படித்தேன். நெஞ்சு விரிந்திருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம்தான். ஆனால் விரிந்துதான் இருந்தது.

மனைவியிடம் காட்டினேன். தம்பிக்காக வரைந்தது என்றேன். அவள் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அணையைப் பார்க்கவில்லை. கீழே கிடந்தவனைப் பார்த்தாள். பிறகு தெலுங்கில் மெதுவாகக் கேட்டாள்: "இது உங்க ஃபிட்டர் அண்ணன் ஆச்சே? அவரை ஏன் மிதிக்கிறீங்க?"

"பைத்தியமா உனக்கு? சும்மா ஒரு மூஞ்சி."

"மூக்கைப் பாருங்க. அந்தத் தாடையில இருக்கிற வெட்டைப் பாருங்க."

பார்த்தேன். சின்ன வயதில் ராட்டினத்திலிருந்து விழுந்ததில் அவன் தாடையில் ஒரு வெட்டு உண்டு. படத்தில் அது இருந்தது. முன்நெற்றியில் ஏறிய முடி, கொஞ்சம் வளைந்த மூக்கு, வலிக்கும்போது வலப்பக்கமாக இழுத்துக்கொள்கிற வாய். அட்டையின்மேல் விழுந்து கிடந்து எனக்காக அவன் செய்து காட்டிய அதே வாய். என் கைக்குத் தெரிந்த ஒரே 'விழுந்த மனிதன்' அவன்தான்.

குழுவில் போட்டதை அழித்தேன். அழித்து என்ன பயன்? அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது. அவனுக்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைத்தேன். பண்ணவில்லை. அவன் பார்த்திருக்க மாட்டான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். யாருக்கு அவனைத் தெரியும், யார் தாடையைப் பார்க்கப்போகிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கம்பெனி பஸ் எல்லை தாண்டவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் லீவு. அவன் வந்தான். அத்திப்பள்ளி வரை ஒருவருடைய பைக்கில் வந்து, அங்கிருந்து எல்லையை நடந்து கடந்து, ஜூஜூவாடியில் ஷேர் ஆட்டோ பிடித்து, ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் டூல்ரூமுக்குப் போனேன். அவன் ஒரு அச்சின் விளிம்பை ராவிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"ஊட்டா ஆய்த்தா குரு?" என்று கேட்டேன். சாப்பிட்டாயா என்றுதான் நாங்கள் எப்போதும் பேச்சைத் தொடங்குவோம்.

அவன் அரத்தைக் கீழே வைத்தான். போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினான். ஜூஜூவாடியில் போராட்டப் பந்தல் போட்டிருக்கிறார்கள். பந்தலுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். என் படம். பெரிதாக்கியதில் அந்த முகம் ஒரு கதவளவுக்கு இருந்தது.

"நானே போட்டோ எடுத்தேன்" என்றான். "பக்கத்துல ஒரு ஆளு நின்னுட்டு என்னையே பார்த்தான். பேனரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் கர்ச்சீப்பை எடுத்து மூஞ்சியில கட்டிக்கினு வந்துட்டேன்."

"உன்னை நினைச்சு வரையல குரு. சத்தியமா," என்றேன்.

"தெரியும். நினைச்சு வரைஞ்சிருந்தா தாடையில அந்த வெட்டை வரையாம விட்டிருப்ப. எனக்கு அது பிடிக்காதுன்னு உனக்குத் தெரியும்."

"மச்சானுக்கு அடிபட்டுது. அஞ்சு தையல்."

"நான் எறிஞ்சேனா?"

அவ்வளவுதான் பேசினோம். அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் நுரையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று மதியம் அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான். கேன்டீன் சுவரில் பாறைவீரன் யாருக்கோ ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தான்.

வேலை முடிந்ததும் நேராக மொபைல் கடைக்குப் போனேன். பேனர் அடித்தது அந்த அண்ணன்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கை குலுக்கினார். டீ சொன்னார்.

"அண்ணா, அந்த பேனரை எடுத்துடுங்க" என்றேன்.

"ஏன் தம்பி? பேர் போடலைன்னு வருத்தமா? போட்டுடலாம்."

"அதில்லீங்கண்ணா. அந்த மூஞ்சி எனக்குத் தெரிஞ்சவரு மூஞ்சி. என்கூட வேலை செய்யறாரு. தெனமும் அந்த வழியாத்தான் நடந்து வர்றாரு."

"கன்னடக்காரனா?"

"ஆமாங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நம்ம ஊரு டிரைவருங்க அங்க அடிபட்டுக்கினு இருக்காங்க. உன் மச்சானே அடிபட்டிருக்கான். நீ இங்க வந்து அவங்களுக்காகப் பேசறே."

"அவங்களுக்காகப் பேசலீங்க. ஒரு ஆளுக்காகப் பேசறேன். தண்ணி நமக்கு வரணும். அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா அவன் நெஞ்சுல மிதிச்சா தண்ணி வராது."

"இப்ப நல்லாப் பேசறியே, வரையும்போது எங்க போச்சு?"

கடையில் இருந்த இன்னொருவன், கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே, "வீட்டுல தெலுங்கு பேசறவங்கதானேண்ணா, விடுங்க," என்றான். முந்தின நாள் எனக்குத் 'தமிழன்டா' என்று அனுப்பியவர்களில் அவனும் ஒருவன். காது மடல் வரைக்கும் எரிந்தது. நான் எழுதிய ஒவ்வொரு பரீட்சையும் தமிழில் எழுதியது. அதை அவனிடம் சொல்லி நிரூபிக்க வேண்டுமா என்று ஒரு கணம் வாயெடுத்தேன். பிறகு தோன்றியது: நேற்று நானும் ஒருவனுக்குத் துண்டு போர்த்தி அவன் யாரென்று முடிவுகட்டியவன்தானே.

கடைக்கார அண்ணன் அவனைப் பார்த்து, "வாயை மூடுடா," என்றார். பிறகு என்னிடம், "பேனரை எடுக்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்து வெச்சது. மூஞ்சியை வேணா மறைச்சுக்கோ. நான் வந்து நிக்கறேன்; எவனும் கேக்க மாட்டான்," என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் டெல்டா பக்கம் மாமனார் வீடு. அங்கே வயல் காய்ந்துகிடக்கிறது என்று பின்னால் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் அரை லிட்டர் வெள்ளை பெயின்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு ஜூஜூவாடிக்குப் போனேன். ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். அவர் கீழே நின்று யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிதாக்கிய அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்தபோது, படம் நன்றாக இருந்தது என்பதுதான் என்னைக் கொன்றது. வலி அப்படியே வந்திருந்தது. இரண்டு வருஷப் பழக்கம் இல்லாமல் ஒருவன் முகத்தை அப்படி வரைய முடியாது. முதலில் தாடையை அழித்தேன். பிறகு வாய். பிறகு கண்.

மறைத்த பிறகு அது இன்னும் மோசமாக இருந்தது. முகமில்லாத ஒரு உடம்பு, மஞ்சள் சிவப்புத் துண்டு, அதன்மேல் கால். இப்போது அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். எல்லையை நடந்து கடக்கிற பூக்காரப் பெண், கம்பெனிக்கு வருகிற வாட்ச்மேன், எல்லோருக்கும் அதில் இடம் இருந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கி, "அண்ணா, முழுசையும் எடுத்துடலாமா?" என்று மறுபடி கேட்டேன். "தம்பி, போயிடு," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய பேப்பர் கடையில் வாங்கி மாற்றிக்கொண்ட அந்தக் காமிக்ஸ் அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. உடுப்பை மடித்து வைத்துவிட்டுப் போனவனுக்கு அடுத்த நாள் என்ன ஆனது, தெருவில் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் வீட்டில் சாப்பிட்டானா என்றெல்லாம் அதில் இல்லை. புத்தகம் அங்கே முடிந்துவிடும். என் கதை அங்கே முடியவில்லை. கம்பெனிக்குப் போகும் பஸ்ஸிலேயே உட்கார்ந்து, படம் வந்த எல்லாக் குழுக்களிலும் எழுதினேன். அந்தப் படத்தை வரைந்தவன் நான். கோபத்தில் வரைந்தேன். தண்ணீர் கேட்பது நம் உரிமை. ஆனால் அந்தப் படம் தப்பு. யாரும் பகிர வேண்டாம். என் பெயரும் போட்டேன்.

வந்த பதில்களை இங்கே எழுத முடியாது. துரோகி என்பதுதான் அதில் மரியாதையான வார்த்தை. மூன்று குழுக்களிலிருந்து என்னை நீக்கினார்கள். பள்ளித் தோழன் மறுபடி கூப்பிடவில்லை. கேன்டீனில் சிலர் என் மேசைக்கு வருவதை நிறுத்தினார்கள். எச்.ஆர். மேடம் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு காமிக்ஸ் வேண்டாமே," என்றார். கேன்டீன் சுவரிலிருந்து பாறைவீரனைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று ஒரு போஸ்டர் வந்தது.

அந்த வாரக் கடைசியில் மைத்துனனைப் பார்க்கத் தளிக்குப் போனோம். எனக்கு ஆறுதல் சொல்வானென்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவன் என்னை அத்தான் முறையில் 'பாவா' என்று கூப்பிடுகிறவன்; என்மேல் மரியாதை உண்டு. படத்தைப் பார்த்திருந்தான்.

"நல்லாத்தான் இருக்கு பாவா. ஆனா நான் மறுபடி அங்கதானே போகணும்," என்றான். "கல்லு விழுந்ததும் வண்டியை ஓரங்கட்டிட்டு உக்காந்துட்டேன். ரத்தம் கண்ணுக்குள்ள போகுது. நான் போன் பண்ணதும் மண்டி ஓனரு ஸ்கூட்டர்ல வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனாரு. அவரும் கன்னடக்காரருதான். டெம்போவை அவரு குடோன்லதான் நிறுத்தியிருக்கேன்."

"இதை ஏன் நீ அன்னைக்கே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? யாரு எறிஞ்சான்னு மட்டும்தானே கேட்டீங்க."

பத்துப் பதினைந்து நாளில் தகராறு தணிந்தது. பஸ் ஓடத் தொடங்கியது. பந்தலைப் பிரித்தார்கள், பேனரைக் கிழித்து யாரோ குடிசைக் கூரைக்குக் கொண்டுபோனார்கள். டூல்ரூமில் மட்டும் எதுவும் மாறவில்லை. வேலைப் பேச்சு பேசுவான். "இந்த ரேடியஸ் தப்பு." "இங்க அரை எம்.எம். குறை." அதற்குமேல் ஒன்றுமில்லை. குரு என்று கூப்பிடவில்லை. என் தப்புகளை இப்போது சூப்பர்வைசர் வழியாகச் சொல்லி அனுப்பினான். மன்னிப்புக் கேட்டு இரண்டு முறை போனேன். இரண்டாம் முறை, "நீ கேட்டுட்டே. நான் கேட்டுக்கிட்டேன். இப்ப வேலையைப் பாரு," என்றான்.

டிசம்பரில் ஒரு மதியம் அவனே டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். எதிரில் உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தான், சாப்பிடவில்லை.

"ஒண்ணு சொல்லணும் குரு. மூணு மாசமா நெஞ்சுல கெடக்குது."

நான் தட்டிலிருந்து கையை எடுத்தேன்.

"அந்த வாரம் எங்க ஊரு குரூப்புல ஒரு படம் வந்துச்சு. உன் அளவுக்கு நல்லா வரையல. தமிழ்நாட்டு ஆளுங்களை எல்லாம் நாயா வரைஞ்சு, நாக்கைத் தொங்கப்போட்டுக்கினு எங்க அணைக்குக் கீழ நிக்கற மாதிரி. நான் சிரிச்சேன். சிரிச்சுட்டு ரெண்டு பேருக்கு அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை. நீ வரைஞ்ச அதே ஞாயித்துக்கிழமை."

எனக்கு முதலில் வந்தது கோபம். மூன்று மாதம் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு இப்போது வந்து சொல்கிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது. "அதை மனசுல வெச்சுக்கினுதான் என்கிட்ட முறைச்சியா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமா," என்றான். "அனுப்பும்போது உன் ஞாபகம் வரல. அதான் எனக்குத் தாங்கல. நீ தெரியாம என் மூஞ்சியை வரைஞ்சே. எனக்கு உன் மூஞ்சியே ஞாபகம் வரல. எங்க ஊர்லயும் ஒருத்தன் கேட்டான், அந்தப் பக்கம் போய் வேலை செய்யறியே வெக்கமா இல்லையான்னு. இல்லைன்னு சொல்லல. சம்பளம் குடுக்கறான், போறேன்னு சொன்னேன். அங்க ஒரு பிரெண்டு இருக்கான்னு சொல்லல."

அவன் கண் கலங்கியிருந்தது. பக்கத்து மேசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் டப்பாவிலிருந்த அவரைக்காய்க் குழம்பில் பாதியை என் தட்டில் ஊற்றினான். நான் சாப்பிட்டேன்.

ஜனவரியில் மேடம் மறுபடி வந்து குடியரசு தினத்துக்குப் பாறைவீரன் வேண்டும் என்று கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் முடியாது என்றேன். அவன், "பாதுகாப்பு வாரத்துக்குப் போடறோம் மேடம். சண்டைக்கு வேணாம்," என்றான். அவர் முகம் சுருங்கியது, வற்புறுத்தவில்லை. நாட்டின் மேல் எனக்குப் பற்று இல்லையா என்று அன்று சாயந்திரம் பஸ்ஸில் என்னையே கேட்டுக்கொண்டேன். இருக்கிறது. இந்த மண்ணின் மேலும், இந்த மொழியின் மேலும், எங்கள் நிலத்துக்கு வருகிற அந்த நாற்றமடிக்கிற தண்ணீரின் மேலும் இருக்கிறது. அதைக் காட்ட ஒருவனைக் கீழே போட வேண்டும் என்று மட்டும் ஏன் நினைத்தேன் என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. கைதட்டல் அங்கேதான் விழுகிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு இன்னொரு முறை தண்ணீர்த் தகராறு வந்தது. வராமல் இருக்குமா? அன்று பஸ் நின்ற செய்தி மதியமே வந்துவிட்டது. அவன் பையை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினான். அன்று நான் கொண்டுவந்திருந்த பைக்கின் சாவியை எடுத்துக்கொண்டு கேட்டில் மறித்தேன்.

"எல்லையில கல்லு விழுதாம். நம்ம வீட்டுக்கு வா."

"உங்க தெருவுல பிரச்சனை வராதா?"

"வந்தா பார்த்துக்கலாம்."

நான்கு நாள் எங்கள் வீட்டில் இருந்தான். முன்னறையில் படுத்துக்கொண்டான். காலையில் அப்பாவோடு கீரைப் பாத்திக்குப் போய் வருவான். அப்பா அவனிடம் நுரையைக் காட்டி, "உங்க ஊரு அனுப்பறதுப்பா," என்பார். அவன், "ஆமாங்க, நாத்தம் எங்களுக்கும் அடிக்குதுங்க," என்பான். இருவரும் அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள். தெருவில் ஒன்றிரண்டு பேர் முறைத்தார்கள். மொபைல் கடை அண்ணன் ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள், ஞாயிறு மத்தியானம் சாப்பிடும்போது என் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஓசூரில் ஏதோ ஒரு அமைப்பு. "நீங்கதானே அந்த அணைப் படம் வரைஞ்சவரு? அதே மாதிரி இன்னும் காரமா ஒண்ணு போட்டுத் தர முடியுமா சார்?" என்று கேட்டார்கள். அவன் எதிரில் ராகிக் களியைக் கீரைக் குழம்பில் தொட்டு விழுங்கிக்கொண்டிருந்தான். பேசுவது அவனுக்கும் கேட்டது.

"இல்லீங்க. அந்த மாதிரி வரையறதில்லீங்க" என்றேன். எதிர்முனையில் திட்டு விழுந்து போன் அணைந்தது.

"என்ன சொன்னான்?" என்றாள் மனைவி.

"பழைய வார்த்தைதான்."

அவன் சிரிக்கவில்லை. தட்டை அவள் பக்கம் நகர்த்தி, இன்னொரு உருண்டை போடச் சொன்னான்.